லைன் செத்துப்போச்சுன்னு யார் சொல்றது?

சுவிட்ச் பெட்டியில் கேபிள் சொருகின இடத்துக்குப் பக்கத்தில் கடுகு சைஸில் ஒரு பச்சை விளக்கு எரியும், பார்த்திருப்பீங்க. எரிஞ்சா லைன் இருக்கு, எரியலைன்னா லைன் இல்லை. நம்மில் பல பேர் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கோம். அந்த விளக்கு கூசாமல் பொய் சொல்லும் என்பதையும், அதை உண்மை பேச வைக்க மனுஷன் ஒன்றரை நூற்றாண்டா பட்ட பாட்டையும் பற்றித்தான் இந்தப் பதிவு. டெக்னிகல் பதிவுன்னதும் மவுஸைத் தூக்கிட்டு ஓடாதீங்க. மகாராணி, கடலடிக் கேபிள், தீ விபத்து எல்லாம் வருது :-)

சும்மா இருக்கிறதும் செத்துக் கிடக்கிறதும்

தந்தி காலத்திலிருந்தே ஆரம்பிப்போம். தந்திக் கம்பியில் இரண்டு வகை ஏற்பாடு இருந்தது. ஐரோப்பாவில் பெரும்பாலும், செய்தி அனுப்பும்போது மட்டும் கம்பியில் கரண்ட் ஓடும். மற்ற நேரத்தில் கம்பி சும்மா கிடக்கும். அமெரிக்காவில் தலைகீழ். யாரும் பேசாத நேரத்திலும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். சாவியால் அதை வெட்டி வெட்டித்தான் செய்தி அனுப்பணும்.

வித்தியாசம் சின்னதா தெரியும். ஆனா முதல் ஏற்பாட்டில், சும்மா இருக்கிற கம்பிக்கும் அறுந்து கிடக்கிற கம்பிக்கும் பார்வைக்கு ஒரு வேறுபாடும் கிடையாது. அடுத்த தந்தி அடிக்கப் போகும்போதுதான் விஷயமே தெரியும். இரண்டாவது ஏற்பாட்டில் கம்பி அறுந்த அந்த நொடியே கரண்ட் நின்னுடும், ஆபரேட்டருக்குத் தெரிஞ்சுடும். பாட்டரி செலவு அதிகம்தான், ஆனா அந்தச் செலவில் ஒரு தகவல் கிடைக்குது. 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் ரயில் தண்டவாளத்திலேயே இப்படிக் கரண்ட் ஓடவிட்டு சிக்னலை இயக்கினார். ரயில் வந்து நின்றாலும் சரி, தண்டவாளம் உடைந்தாலும் சரி, பாட்டரி தீர்ந்தாலும் சரி, கரண்ட் நிற்கும், சிக்னல் சிவப்பாகும். "எல்லாம் சரி" என்று சொல்லத்தான் சக்தி வேணும். "சரியில்லை" என்பது தானாக வரணும். இந்தப் பதிவோட மொத்த சாரமும் இதுதான். அவசரம் இருக்கிறவங்க இங்கேயே கிளம்பலாம்.

கேபிள் சாகும்போது ஊர்வலம்

1858 ஆகஸ்ட் 5. அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக்கின் அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டு முடிச்சாங்க. விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபர் புகானனுக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச் சேர சுமார் 16 மணி நேரம் ஆச்சு! அந்த அளவுக்கு சிக்னல் பலவீனம். பொறுமையில்லாத வைல்ட்மேன் வைட்ஹவுஸ் என்கிற அதிகாரி கேபிளில் சுமார் 2000 வோல்ட் வரைக்கும் ஏத்திப் பார்த்தார். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த கேபிள் ஒரேயடியாகப் படுத்துடுச்சு.

செப்டம்பர் 1-ம் தேதி நியூயார்க்கில் கேபிளுக்காகப் பிரமாண்டமான ஊர்வலம். அதே நாட்களில்தான் கேபிளுக்கு உயிர் போய்க்கிட்டிருந்தது. போட்டு ஒரு மாசம்கூட முழுசா ஓடலை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிச் செத்ததால், "இன்ன நேரத்தில் போச்சு" என்று கறாராகச் சொல்வதே கஷ்டமாகிவிட்டது. அப்படி ஒரு கேபிள் வேலை செஞ்சதே கிடையாது, எல்லாம் பீலா என்று சொன்னவர்களும் உண்டு. மறுபடி நிலையான கேபிள் கிடைக்க 1866 வரை காத்திருக்க வேண்டியதாச்சு.

சிவப்பு, மஞ்சள், நீலம்

அப்படியே ஒரு நூறு வருஷம் தாவுவோம். 1962-ல் அமெரிக்க பெல் நிறுவனம் டி1 என்கிற டிஜிட்டல் லைனைக் கொண்டுவந்தது. ஒரே லைனில் 24 பேர் பேசலாம். பேச்சு இருக்கோ இல்லையோ, விநாடிக்கு 8000 ஃபிரேம் ஓடிக்கிட்டே இருக்கும். அமெரிக்கத் தந்திக்காரர் ஏற்பாடு ஞாபகம் வருதா? அதேதான். ஓட்டம் நின்னா லைன் போச்சுன்னு அர்த்தம்.

இந்த லைன்களில் ஊறிப்போன மூணு அலாரம் உண்டு.

சிவப்பு: எனக்கு எதுவும் கேட்கலை.

மஞ்சள்: எனக்குக் கேட்கலைன்னு எதிர்முனைக்கு நான் சொல்லி அனுப்புவது. போகிற பாதையும் வருகிற பாதையும் தனித்தனி என்பதால், நான் பேசுறது அவனுக்கு நல்லாவே கேட்டுக்கிட்டிருக்கலாம். நான் சொல்லாவிட்டால், அவன் பாட்டுக்குச் செவிடன் காதில் சங்கு ஊதிக்கிட்டே இருப்பான்.

நீலம்: நடுவில் இருக்கும் பெட்டி கீழே இருக்கிறவர்களுக்கு அனுப்புவது. "கோளாறு எனக்கு மேலே இருக்கு, நீங்க பதறாதீங்க" என்று அர்த்தம். இது இல்லைன்னா ஒரு கம்பி அறுந்ததற்கு நூறு பெட்டிகள் ஒரே நேரத்தில் ஒப்பாரி வைக்கும். எழவு எந்த வீட்டில் என்றே தெரியாது.

இந்த மூணையும் மனசில் வச்சுக்குங்க. பின்னாடி வேறு பெயரில் திரும்பி வருவாங்க.

1988-ல் எஸ்டிஎச் தரம் வந்தபோது இந்த அலாரங்களும் கூடவே வந்தன. கோளாறைக் கண்டுபிடித்ததும் 50 மில்லிசெகண்டுக்குள் மாற்றுப் பாதைக்குத் தாவணும் என்பது இந்தத் துறையின் வேதவாக்காச்சு. கண் இமைக்கிற நேரத்துக்கும் குறைவு.

மணி அடிச்சா போதுமா?

அதே 1988, மே 8, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் அன்னையர் தினம். இலினாய் மாநிலத்தில் ஹின்ஸ்டேல் என்ற ஊரின் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் தீ. கட்டடத்தில் ஆள் கிடையாது. அலாரம் சரியாகத்தான் அடிச்சது, ஆனா வேறு ஊரில். தூரத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கண்காணிப்பு மையத்தில்! பக்கத்திலேயே இருந்த தீயணைப்புக்காரங்களுக்கு விஷயம் போய்ச் சேர நேரமாச்சு. ஊர் ஃபோன்களே செத்துக்கிட்டிருந்ததால் ஃபோன் பண்ணிச் சொல்லவும் வழியில்லை. சுமார் 35,000 வாடிக்கையாளர்களின் இணைப்பு போச்சு. முழுசா சரிபண்ண வாரக்கணக்கில் ஆனது.

அறிவிப்பு என்பது யாரோ ஒருத்தருக்குத் தெரிவது இல்லை. எதையாவது செய்யக்கூடிய ஆளுக்குத் தெரிவது. இது மனுஷங்களுக்கு மட்டுமில்லை, பெட்டிகளுக்கும் பொருந்தும்.

ஊமைப் பிள்ளை ஈதர்நெட்

இப்போ நம்ம கதாநாயகன் என்ட்ரி. 1973-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினாங்க. ஒரு நீளமான கேபிள், அதில் யார் வேணாலும் சொருகிக்கலாம், பேச்சு வந்தா பேசலாம், இல்லாட்டி அமைதி. ஒரு கம்ப்யூட்டர் செத்தாலும் மற்றவர்களுக்கு அதனால் பாதிப்பு வராது. அது அழகான யோசனைதான். ஆனா கவனிச்சீங்கன்னா, ஐரோப்பியத் தந்தி ஏற்பாடு திரும்பி வந்துடுச்சு: சும்மா இருக்கிறதும் செத்துக் கிடக்கிறதும் மறுபடி ஒண்ணு. ஒரே ஆபீசுக்குள்ளே இது பெரிய பிரச்சினை இல்லை. போய்ப் பார்த்துக்கலாம்.

1990-ல் முறுக்குக் கம்பியில் ஓடும் 10பேஸ்-டி தரம் வந்தப்போ இதைச் சரிபண்ணினாங்க. பேச்சு இல்லாத நேரத்திலும் சுமார் 16 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்னத் துடிப்பு போகும். அது வந்தா பச்சை விளக்கு எரியும். நல்ல விஷயம். ஆனா அந்த விளக்கு சொல்வது ஒண்ணே ஒண்ணுதான்: "எனக்கு அடுத்த பெட்டி உயிரோட இருக்கு." அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்பது அதுக்குத் தெரியாது, தெரியும்னு அது சொல்லவும் இல்லை. நாமதான் அப்படி நினைச்சுக்கிட்டோம்.

1985-ல் ராடியா பெர்ல்மன் கண்டுபிடிச்ச ஸ்பானிங் ட்ரீ முறையில் மாற்றுப் பாதை எடுக்கும் வசதி உண்டு. ஆனா தரத்தில் சொன்ன வழக்கமான அளவுகளை அப்படியே வச்சா, மாறி முடிக்க 30 முதல் 50 விநாடி. எஸ்டிஎச்காரன் 50 மில்லிசெகண்ட் என்கிறான், இவன் 50 விநாடி என்கிறான். ஆயிரம் மடங்கு!

ஊர்விட்டு ஊர் போன ஈதர்நெட்

2001-ல் மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் தொடங்கினாங்க. டெலிகாம் கம்பெனிகள் பழைய லீஸ்டு லைனுக்குப் பதிலா ஈதர்நெட்டையே ஊர் ஊருக்கு விற்க ஆரம்பிச்சாங்க. விலை மலிவு, வேகம் அதிகம். இதுதான் கேரியர் ஈதர்நெட்.

நிலைமையைக் கற்பனை பண்ணுங்க. உங்க ரூட்டர், அதுக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரன் வச்ச பெட்டி. நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஃபைபர். அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி, உங்க கிளை அலுவலக ரூட்டர். நடுவழியில் ஜேசிபி தோண்டி ஃபைபரை அறுத்துடுச்சு. உங்க ரூட்டருக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு மீட்டர் கேபிள் நல்லாத்தானே இருக்கு? பச்சை விளக்கு ஜம்முனு எரியும். இரண்டு முனையிலும்!

எனக்குத் தெரிஞ்ச ஒரு அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது. இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கி, மாசாமாசம் இரண்டுக்கும் பணம் கட்டி வந்தாங்க. ரூட்டரில் "முதல் போர்ட் விழுந்தால் இரண்டாவது" என்று கையால் எழுதின நிலையான ரூட். ஒரு சனிக்கிழமை நடுவழியில் ஃபைபர் போச்சு. முதல் போர்ட் விழவே இல்லை. பச்சை விளக்கைப் பார்த்துக்கிட்டே முழுநாளும் கிளை ஆபீஸ் முடங்கிக் கிடந்தது. பக்கத்திலேயே இரண்டாவது லைன் நல்ல ஆரோக்கியத்தோட தூங்கிக்கிட்டிருந்தது. பணம் கட்டினது தேவைப்படும் அன்னைக்கு உதவத்தான். அன்னைக்கு அதை எழுப்பி விட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூணு அலாரமும் திரும்பி வந்தது

இதுக்கு மருந்து அடுத்தடுத்து வந்தது. 2004-ல் ஐட்ரிபிள்இ 802.3ஏஎச். ஒரே இணைப்பின் இரு முனைகளும் நலம் விசாரிச்சுக்கும். இதில் எனக்குப் பிடிச்சது "கடைசி மூச்சு" என்கிற அறிவிப்பு. கரண்ட் போகும்போது, உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் துளி சக்தியை வச்சு, "நான் போறேன், கரண்ட் இல்லை" என்று ஒரு செய்தி அனுப்பிட்டுப் பெட்டி அணையும். அறுந்தது ஃபைபரா, போனது கரண்டா என்று தெரியாமல் ஆளை அனுப்பி அலைய வேண்டாம்.

அடுத்து 2006-ல் ஐடியு-வின் ஒய்.1731, 2007-ல் 802.1ஏஜி. இவை நடுவில் எத்தனை பெட்டி இருந்தாலும் முனைக்கு முனை பேசும். இரு முனைகளும் குறித்த இடைவெளியில் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கிட்டே இருக்கும். 3.33 மில்லிசெகண்டிலிருந்து 10 நிமிஷம் வரை இடைவெளியை வச்சுக்கலாம். மூன்றரை இடைவெளிக்குக் குரல் வரலைன்னா இணைப்பு போச்சுன்னு முடிவு: அது சிவப்பு. போகிற செய்தியிலேயே ஒரு பிட் "நீ பேசுறது எனக்குக் கேட்கலை" என்று சொல்லும்: அது மஞ்சள். ஒய்.1731-ல் நடுவில் இருக்கும் பெட்டி மேலே இருப்பவர்களைச் சமாதானப்படுத்த அனுப்பும் அறிவிப்பு உண்டு: அது நீலம். 1962-ன் மூணு பேரும் வேட்டியைக் கழற்றிட்டு பேண்ட் போட்டுட்டு வந்திருக்காங்க!

கன்ஃபிகர் பண்றவங்களுக்கு

இரு முனையிலும் மட்டமும் குழுப் பெயரும் இடைவெளியும் ஒண்ணா இருக்கணும். முனை எண் மட்டும் வேறாக இருக்கணும். மட்டம் 0 முதல் 7 வரை. வழக்கமான பங்கீட்டில் 5, 6, 7 வாடிக்கையாளருக்கு, 3, 4 சேவை விற்பவருக்கு, 0, 1, 2 நடுவில் லைன் ஓட்டுபவருக்கு. ஒருத்தர் நலம் விசாரிப்பதில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

3.33 மில்லிசெகண்ட் வச்சா சுமார் 12 மில்லிசெகண்டில் கோளாறு தெரியும், 50-க்குள் தாவ நேரம் இருக்கும். ஆனா அந்த வேகத்துக்கு ஹார்டுவேர் ஒத்துழைக்கணும். ஆசைப்பட்டு எல்லாத்துக்கும் வைக்காதீங்க.

முக்கியமான கட்டம் இனிமேதான். பெட்டிக்குத் தெரிஞ்சாச்சு, உங்க ரூட்டருக்கு எப்படித் தெரியும்? கம்பெனிப் பெட்டி உங்க பக்கத்துப் போர்ட்டையும் வேணும்னே அணைச்சுடணும். அதாவது லைன் போனதை வாடிக்கையாளர் போர்ட் வரைக்கும் கடத்துவது. இப்போ விளக்கு அணையும், ரூட்டர் இரண்டாவது லைனுக்குத் தாவும். இதில் மூணு பள்ளம் இருக்கு:

1. அ முனை போர்ட்டை அணைக்குது. அதைப் பார்த்து ஆ முனையும் அணைக்குது. ஆ அணைஞ்சதால் அ எழுந்திருக்காது, அ எழாததால் ஆ எழாது. ஃபைபரை ஒட்டவச்ச பிறகும் இரண்டும் "நீ முதல்ல, நீ முதல்ல" என்று படுத்தே கிடக்கும். தானாக விழுந்த போர்ட்டையும் நாம அணைச்ச போர்ட்டையும் பெட்டி பிரிச்சுப் பார்க்குதா என்று சோதிச்சுக்குங்க.

2. பத்து கிளைகளை ஒரே வலையில் இணைச்ச சேவையில் இதைப் போடாதீங்க. ஒரு கிளை விழுந்ததுக்காக மற்ற ஒன்பதையும் அணைச்சுடும்.

3. அணைப்பதற்கு முன் சின்னத் தாமதம் கொடுங்க. உள்ளே வளையப் பாதுகாப்பு இருந்தால் அது 50 மில்லிசெகண்டில் தானே சரிபண்ணிக்கும். அதுக்குள்ளே வாடிக்கையாளர் லைனை வெட்ட வேண்டியதில்லை.

எல்லாம் முடிஞ்சதும், ஆள் இருக்கும் நேரத்தில், சொல்லிட்டு, நடு ஃபைபரை நிஜமாவே ஒரு தடவை உருவிப் பாருங்க. முனையில் இருக்கும் இரண்டு மீட்டர் கேபிளை உருவிட்டு "டெஸ்ட் ஓகே" என்று கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது. அது பச்சை விளக்குக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்.

டிஸ்கி: உங்க ஆபீசில் இரண்டாவது லைன் இருந்தால், அது கடைசியா எப்போ நிஜமா வேலை செஞ்சதுன்னு நாளைக்கு யாரையாவது கேட்டுப் பாருங்க. வர்ற பதிலைப் பின்னூட்டத்தில் போடுங்க, பேசுவோம் :-)