நினைவகத்தில் பிழையைப் புகுத்தி இயங்குதளத்தைச் சோதித்தல்

கணினியின் நினைவகத்தில் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கி, இயங்குதளம் அவற்றை எவ்வாறு எதிர்கொள்கிறது என்று அளந்தறியும் முறை பிழை உட்செலுத்தல் எனப்படுகிறது. பிழை தானாக நேரும்வரை காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகலாம்; நேர்ந்த பின் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். நாமே புகுத்தினால் பிழையின் இடம், நேரம், வகை ஆகிய மூன்றும் முன்பே தெரியும். ஒரே சோதனையைப் பலமுறை செய்து முடிவுகளை எண்ணவும் முடியும்.

பின்னணி

நினைவகத்தில் எல்லாத் தரவுகளும் 0, 1 என்ற பிட்டுகளாக இருக்கின்றன. 0101 என்பது 5. அதன் முதல் பிட் மட்டும் மாறி 1101 ஆனால், அது 13 ஆகிவிடும். இத்தகைய மாற்றம் தானாகவே நேரக்கூடும் என்பதை 1978இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் ஆகியோர் விளக்கினர். சில்லின் உறையில் மிகச் சிறிதளவு கலந்திருந்த கதிரியக்கப் பொருள்கள் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே காரணம். சில்லு பழுதாகவில்லை, அதிலிருந்த மதிப்பு மட்டும் மாறியது.

மற்றொரு காரணம் நிரலாளரின் தவறு. இயங்குதள நிரல் தவறான முகவரியில் எழுதிவிட்டால், அங்கிருந்த தரவு அழிந்துவிடும்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஃபியட் என்ற கருவி உருவானது. தனி வன்பொருள் இல்லாமல், மென்பொருள் வழியாகவே நினைவகப் பிட்டுகளை மாற்ற அது உதவியது.

ரியோ சோதனை, 1996

நினைவகத்தில் உள்ள கோப்புகள் பாதுகாப்பற்றவை, வன்தட்டில் எழுதினால்தான் நிலைக்கும் என்பது அக்காலத்தின் பொதுவான நம்பிக்கை. மின்சாரம் நின்றால் தரவு போய்விடும் என்பது உண்மையே. அதற்கு மின்கலம் பொருத்தலாம். ஆனால் இயங்குதளமே முடங்கினால் நினைவகத்தில் உள்ளவை கெட்டுவிடுமா? இக்கேள்வியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சென் குழுவினர் ரியோ என்ற திட்டத்தில் சோதித்தனர்.

டிஜிட்டல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் அவர்கள் 13 வகைப் பிழைகளைப் புகுத்தினர். சில, பிட்டுகளை மாற்றுபவை. சில, கட்டளைகளை நீக்குபவை. வேறு சில, நிரலாளர் வழக்கமாகச் செய்யும் தவறுகளைப் போன்றவை. ஒவ்வொரு வகையிலும் 50 முடக்கங்கள் சேரும்வரை சோதனை தொடர்ந்தது. சுமார் பாதிச் சோதனைகளில் கணினி முடங்கவே இல்லை. அவை கணக்கில் சேர்க்கப்படவில்லை. இவ்வாறு மூன்று அமைப்புகளில், அமைப்புக்கு 650 வீதம், மொத்தம் 1,950 முடக்கங்கள் பதிவாயின.

கோப்பு கெட்டதா என்பதை எப்படி அறிந்தனர்? முடங்கிய நொடியில் கோப்புகளில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதை மீண்டும் கணக்கிடக்கூடிய நிரல் ஒன்றை ஓடவிட்டனர். மறுதொடக்கத்துக்குப் பின் அதையும் மீண்ட கோப்புகளையும் ஒப்பிட்டனர்.

உடனுக்குடன் வன்தட்டில் எழுதிய அமைப்பில் 650இல் 7 முறை தரவு கெட்டது. நினைவகத்தை மட்டும் நம்பிய ரியோவில் 10 முறை. கோப்புப் பகுதியில் தவறாக எழுத முடியாதபடி காப்பு அளித்தபோது 4 முறை. காப்புள்ள நினைவகம் வன்தட்டுக்குக் குறைந்ததன்று என்பது தெளிவாயிற்று. உடனுக்குடன் வன்தட்டில் எழுதும் முறையைவிட ரியோ 4 முதல் 22 மடங்கு வேகமாகவும் இயங்கியது.

பிந்தைய ஆய்வுகள்

2003இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் லினக்ஸ் கெர்னலின் கட்டளைகளில் 35,000க்கும் மேற்பட்ட பிழைகளைப் புகுத்தினர். முடக்கங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, பிழை செயல்பட்ட 10 கடிகாரச் சுழற்சிகளுக்குள் நிகழ்ந்தன. அரிதாகச் சில பிழைகள் கோப்பு முறைமையையே அழித்து, புதிதாக வடிவமைக்க வேண்டிய நிலையை உண்டாக்கின.

2007இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில், நினைவக ஒதுக்கீடு தோல்வியடைவதுபோல் நடிக்கச் செய்யும் வசதி கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது. 2009இல் நெதர்லாந்தின் மினிக்ஸ் 3 குழுவினர், நான்கு ஈதர்நெட் இயக்கிகளில் 34 லட்சம் பிழைகளைப் புகுத்தியும் அவற்றில் எதுவும் இயங்குதளத்தை முடக்கவில்லை என்று அறிவித்தனர். இயக்கிகளைத் தனித்தனியாகப் பிரித்து, தேவையான அதிகாரத்தை மட்டும் அளித்ததே காரணம்.

முக்கியத்துவம்

கணினி முடங்கினால் பயனர் உடனே அறிவார். முடங்காமல் ஓடிக்கொண்டே தவறான எண்ணைக் கோப்பில் எழுதினால் யாரும் அறியமாட்டார். வங்கிக் கணக்கிலோ மருத்துவப் பதிவிலோ அது பெருந்தீங்கு. ஆகவே பிழை தெரிந்தவுடன் நின்றுவிடும் இயங்குதளம், தெரியாமல் ஓடும் இயங்குதளத்தைவிட நம்பத்தக்கது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. புகுத்தும் பிழைகள் உண்மையில் நேரும் பிழைகளை ஒத்திருந்தால்தான் முடிவுகள் பொருந்தும். ரியோ குழுவினர் பிட் மாற்றத்தோடு நிற்காமல் நிரலாளரின் தவறுகளையும் சேர்த்துக்கொண்டதன் காரணம் இதுவே.