சோடாப்புட்டிக் கண்ணாடி போன கதை

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், கண்புரை அறுவை என்றால் பெரும்பாலும் லென்ஸை உறையோடு எடுத்துவிடுவதுதான். அப்புறம் ஆயுசுக்கும் சோடாப்புட்டிக் கண்ணாடி. என் அப்பத்தாவும் அதைத்தான் போட்டிருந்தார். பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாது. படியிறங்கினால் கால் தடுமாறும்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-லேயே பொருத்திவிட்டார். ஆனால் அதன் விலை ஏழைக்கு எட்டாத உயரம். ஆயிரக்கணக்கில் அறுவை நடக்கும் இடத்தில் அது பாதுகாப்பானதா என்ற ஐயமும் இருந்தது.

அந்த ஐயத்தைத் தீர்க்க மதுரையில் ஆய்வாளர்கள் 3,400 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள்: ஒரு பிரிவுக்குப் பழைய அறுவையும் கண்ணாடியும், மறுபிரிவுக்கு உள்லென்ஸ். என்னை நெகிழவைப்பது அவர்கள் கேட்ட கேள்விகள். எழுத்துப் பலகையோடு நிற்காமல், அன்றாட வேலை எப்படி, தனியாக நடமாட முடிகிறதா என்றும் விசாரித்தார்கள். அப்பத்தாவிடம் யாரும் கேட்காதவை அவை! 1998-ல் வெளியான முடிவுகளில் உள்லென்ஸே மேலாக நின்றது.

அதற்குள் 1992-ல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், மதுரையிலேயே மலிவாக லென்ஸ் செய்யத் தொடங்கியிருந்தது.