உமிழ்நீரும் மாவுப்பொருளும்: கிளாட் பெர்னார்டின் தீர்ப்பு பற்றிய ஒரு மறுவிசாரணை

மாவுப்பொருளின் ஜீரணம் வாயிலேயே தொடங்குகிறது என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடலியல் அறிஞருள் தலைசிறந்தவராகிய கிளாட் பெர்னார்ட், உமிழ்நீர் பற்றி 1847-இல் வெளியிட்ட ஆய்வில், உணவை நனைத்து இளக்கி விழுங்கச் செய்வதே அந்நீரின் தொழில் என்றும், மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குவது அதன் இயற்கைக் கடமையன்று என்றும் தீர்ப்புக் கூறினார். அவருடைய பரிசோதனைகளைப் பழிப்பது என் நோக்கமன்று. அவற்றைக் கொண்டு மனிதனைப் பற்றி முடிவு செய்தது தகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1811-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்காஃப் நீர்த்த கந்தக அமிலத்தில் மாவுப்பொருளைக் காய்ச்சிச் சர்க்கரை கண்டதும், 1833-இல் பேயனும் பெர்சோவும் முளைவிட்ட பார்லியிலிருந்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் ‘டயஸ்டேஸ்’ என்னும் பொருளைச் சாராயத்தால் படியச் செய்து பிரித்ததும் யாவரும் அறிந்தவை. இவ்விரண்டுக்கும் நடுவே எர்ஹார்ட் பிரீட்ரிக் லோய்க்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய சிறு குறிப்பொன்று, அதற்குரிய கவனத்தைப் பெற்றதில்லை. 1831 என்னும் ஒரே ஆண்டில் அது இரண்டு ஏடுகளில் இருவேறு தலைப்போடு அச்சாகியிருக்கிறது. போகெண்டார்ஃபின் ஏட்டில், 22-ஆம் தொகுதியின் 623-ஆம் பக்கத்தில், மாவுப்பொருளின் மேல் உமிழ்நீரின் வினை என்று அடக்கமாகத் தலைப்பிட்டிருக்கிறது. இயற்கை விஞ்ஞான ஏடு மற்றொன்றிலோ, சற்று விரிவாக, உமிழ்நீரால் மாவுப்பொருள் சர்க்கரையாதல் என்று முடிவே தலைப்பில் ஏறி நிற்கிறது. இவற்றுள் எது முந்தியது என்பதை ஆண்டெண் ஒன்றை மட்டும் கொண்டு நிர்ணயிக்க இயலாது. எது முந்தினாலும், முளைத்த தானியத்தின் சக்திக்குப் பெயர் கிடைப்பதற்கு இரண்டாண்டு முன்னரே, உமிழ்நீருக்கும் அதே சக்தி உண்டு என்ற செய்தி அச்சேறிவிட்டது.

பெர்னார்டின் வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. நாய், குதிரை முதலியவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தனித்தனியே ஆராய்ந்து, காதோரச் சுரப்பியின் நீர்த்த ரசம் மெல்லுவதற்கும், கீழ்த்தாடைச் சுரப்பியின் ரசம் சுவையறிவதற்கும், நாவடிச் சுரப்பியின் வழவழப்பான ரசம் விழுங்குவதற்கும் ஏற்பட்டவை என்று அவர் வகுத்தார். சுரப்பியிலிருந்து நேரே எடுத்த தூய நீர் மாவுப்பொருளை மாற்றவில்லை, வாயில் கலந்த நீரோ மாற்றியது என்று கண்டபோது, அம்மாற்றம் வாயில் நேரும் சிதைவின் விளைவே என்று கொண்டார். சிதையத் தலைப்படும் வேறு உடற்பொருள்களும் அவ்வாறு செய்யும் என்பது அவருக்குத் துணைச் சான்றாயிற்று. மனித உமிழ்நீரிலிருந்தே டயஸ்டேஸை ஒத்த பொருளை மியால் 1845-இல் பிரித்துக் காட்டியிருந்தும் அவர் இசையவில்லை.

அவரை வழுவச் செய்தவை அவர் தேர்ந்த பிராணிகளே. நாயின் உமிழ்நீரில், மாவுப்பொருளைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதி இல்லையென்றே சொல்லலாம். குதிரையினதிலும் மிகச் சொற்பம். வீட்டு நாய்க்கு ஓநாயினும் பெருகியிருப்பது கணைய அமிலேஸின் மரபணுவே என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மனிதனிடமோ உமிழ்நீர் அமிலேஸின் மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கிறது. மாவுப்பொருளை மிகுதியாக உண்ணும் மக்களிடம் அப்படிகள் சராசரியில் அதிகம் என்று ஜார்ஜ் பெர்ரியும் தோழரும் 2007-இல் தெரிவித்தனர். பயனற்ற ஒன்று இவ்வாறு பெருகி நிலைத்திருக்கும் என்று கொள்வதற்கில்லை. எனினும் இது அனுமானமேயன்றிப் பிரத்தியட்சப் பிரமாணம் அன்று; அப்பெருக்கம் எக்காலத்தில் தொடங்கிற்று என்பதிலும் ஆராய்ச்சியாளர் ஒருமனப்படவில்லை.

வாயில் உணவு தங்குவது சில கணமே என்ற ஆட்சேபம் ஒன்று எஞ்சுகிறது. எக்ஸ்ரே கொண்டு பூனையின் இரைப்பையை ஆராய்ந்த ஹார்வர்டு அறிஞர் வால்ட்டர் கானன், அதன் மேற்பகுதியில் உணவு நெடுநேரம் கலக்கப்படாமல் கிடப்பதை 1898-இல் வெளியிட்டார். அமிலம் ஊடுருவும் வரையில் உமிழ்நீரின் வினை அங்கே தொடரக்கூடும் என்பதை 1903-இல் டே என்பவரோடு சேர்ந்து நிறுவினார். இதுவும் பூனையைப் பற்றிய சான்றே என்பதை மறக்கலாகாது. மனிதனிடத்தில் அவ்வினையின் அளவு உணவுக்கு உணவு மாறுபடும்.

மாவுப்பொருளில் நேர்ச்சங்கிலியாகிய அமைலோஸ், கிளைத்துப் பரந்த அமைலோபெக்டின் என இருவகை உண்டென்று கே. எச். மேயர் 1940-இல் தெளிவுபடுத்திய பின், பழைய வழக்கின் உருவமே மாறிற்று. உமிழ்நீரின் அமிலேஸும் கணையத்தின் அமிலேஸும் சங்கிலியின் நேர்ப்பிணைப்புகளை மட்டுமே அறுக்கும்; கிளை தொடங்கும் பிணைப்பைத் தீண்டா. எஞ்சும் மால்டோஸ் முதலிய துண்டுகளைக் குளுக்கோஸாக்குவன சிறுகுடற் சுவரின் நொதிகள். ஆதலால் ஜீரணத்தின் பெருமை முழுவதையும் ஓர் உறுப்புக்கே வழங்க முயன்ற இரு கட்சியாரும், உமிழ்நீரை உயர்த்தியோரும் மறுத்தோரும், வழுவினர். பெர்னார்டின் தீர்ப்பு நாய்க்கும் குதிரைக்கும் செல்லும்; மனிதனுக்குச் செல்லாது.