ஒழுகும் கார்பரேட்டரும் டேலி ஆகாத கணக்கும்



சென்ற மாதம் நம் கீழ்த்தள பார்க்கிங்கில் பெட்ரோல் வாடை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ‘பி’ பிளாக் நண்பரின் பழைய அம்பாசிடர்தான் காரணம். "அந்தக் காரை வெளியேற்றுங்கள்" என்று கூட்டத்தில் சிலர் கோபப்பட்டார்கள். அவருக்கோ அது அப்பா ஓட்டிய கார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால், கார்பரேட்டரின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதுதான் கார்பரேட்டரின் வேலை. ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் மேபாக் என்பவரும் 1893 வாக்கில் பெட்ரோலைத் தெளித்துக் கலக்கும் முறையைக் கண்டார்கள். பிறகு இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் எஸ்.யூ. கார்பரேட்டரைச் செய்தார்கள். அவர்கள் குடும்பத் தொழில் செருப்பு வியாபாரம்! முதலில் செய்த கார்பரேட்டரில் தோல் துருத்திதான் இருந்தது. 1926ல் அந்தக் கம்பெனியை மோரிஸ் கார் முதலாளி வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழியில் 1957ல் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் பிறந்தது. பல அம்பாசிடர்களில் எஸ்.யூ. கார்பரேட்டர் இருந்தது, பிற்பாடு சோலெக்ஸும் வந்தது. 2014ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது.

என் சொந்த ஊர் முகையூர். 1986ல் விழுப்புரத்தில் கிளார்க்காக இருந்தபோது, பயிர்க்கடன் விஷயமாக மேனேஜருடன் அம்பாசிடரில் எங்கள் ஊர்ப் பக்கம் போனோம். திருக்கோவிலூர் சாலையில் பெட்ரோல் வாடை வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். பானெட்டைத் திறந்தால் கார்பரேட்டர் முழுக்க ஈரம். "எல்லாம் ஒழுகுதே, மாத்திடலாமா?" என்றேன். "ஒழுகுற இடம் வேற, நனையுற இடம் வேற சார். முதல்ல துடைப்போம்" என்றார் அவர்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். காரணம் உண்டு. அந்த எஞ்சினில் கார்பரேட்டருக்கு நேர் கீழே சூடான எக்சாஸ்ட் குழாய் ஓடுகிறது. துளி அதில் விழுந்தால் தீதான். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிடாமல் பம்பைக் கையால் அழுத்தி, மிதவை அறையில் பெட்ரோலை நிரப்பிப் பார்த்தார்.

வழியும் துளையில் வந்தால் கோளாறு மிதவையிலோ நீடில் வால்விலோ. மூடியின் ஓரத்தில் கசிந்தால் கேஸ்கெட். அடியில் ஜெட் பக்கம் சொட்டினால் அங்குள்ள சீல். பழைய வகையில் அது கார்க்கினால் ஆனது. இணைப்பில் கசிந்தால் ரப்பர் குழாய்.

எங்கள் வண்டியில் வழியும் துளையில்தான் வந்தது. மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினார். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும், சத்தமில்லை. அப்படியானால் நீடில் வால்வு. அதன் இருக்கையில் கடுகளவு தூசி! வால்வு முழுக்க மூடாமல் அறை நிரம்பி வழிந்திருக்கிறது. சுத்தம் செய்து ஊதியதும் ஒழுகல் நின்றது.

இதைப் பார்த்ததும் எனக்கு வங்கிதான் நினைவு வந்தது. கணக்கு டேலி ஆகாவிட்டால் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் எண்கள் இடம் மாறி விழுந்தனவா என்று முதலில் பார்ப்போம். இல்லாவிட்டால் அதில் பாதித் தொகையைத் தேடுவோம்; பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கலாம். அவருக்கும் எங்களுக்கும் ஒரே பாடம்: அடையாளத்தைப் பார், பிறகு கை வை.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2003ல் சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கி, இப்போது 20 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. முண்டியம்பாக்கம் ஆலைக்கு லாரி லாரியாகப் போகிறதே, அந்தக் கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கலாம். விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, அவை கெட்டுப்போகும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனாலைத் தாங்கும் குழாய், சீல்களுக்கு மாறிவிடுவது நல்லது.

நாம் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கும். நம் கீழ்த்தளத்தில் சம்ப் குழியும் மோட்டாரும் இருக்கின்றன. வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெளியே வந்து காவலாளியிடம் சொல்லுங்கள்.

நண்பர் காரை வெளியே திறந்த இடத்துக்குத் தள்ளிப் போய், மெக்கானிக்கை வைத்துப் பழுது பார்த்துவிட்டார். இந்த முறை பழைய ரப்பர் குழாய்தான் குற்றவாளி. ஒரு வாரம் அங்கேயே காரின் கீழ் செய்தித்தாள் விரித்துத் தினமும் காலையில் பார்க்கலாம். கறையோ வாடையோ இல்லையென்றால் அப்பாவின் கார் பழைய இடத்துக்கே வரட்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்தை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.