குரோட்டன்

குரோட்டன், தென் இத்தாலியில் அயோனியக் கடலோரம் கிரேக்கர் அமைத்த பண்டைய நகரம். கலாப்ரியா வட்டாரத்தில் உள்ள இன்றைய குரோத்தோனே இதுவே. கி.மு. 710 அளவில் அக்காயா நாட்டிலிருந்து மிஸ்கெல்லோஸ் தலைமையில் வந்தவர்கள் டெல்பியிலுள்ள அப்போலோ கோயிலின் அருள்வாக்கைக் கேட்டு இங்குக் குடியேறினர். அதன் அடையாளமாக நகரின் வெள்ளிக் காசுகளில் அப்போலோவின் முக்காலி பொறிக்கப்பட்டது. கி.மு. 530 அளவில் பித்தாகரசு இங்கு வந்து தம் பள்ளியை நிறுவினார். பாரசீகப் பேரரசர் தாரியசுக்கு மருத்துவம் பார்த்த தெமோகெதெசும் இவ்வூரார்.

வீரர்கள்

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஒலிம்பிய ஓட்டப் போட்டிகளில் குரோட்டனுக்கு நிகரான நகரம் இல்லை. ஒருமுறை குறுந்தொலைவு ஓட்டத்தில் முதல் ஏழு இடங்களையும் இவ்வூராரே பிடித்தனர் என்கிறார் புவியியலாளர் ஸ்ட்ராபோ.

இவ்வூர் வீரர்களுள் தலையானவர் மல்லர் மிலோன். சிறுவர் பிரிவில் ஒன்று, பெரியவர் பிரிவில் ஐந்து என ஒலிம்பியாவில் ஆறு முறை வாகை சூடினார். அவர் கைக்குள் மாதுளம்பழத்தை வைத்துக்கொண்டால் யாராலும் பறிக்க முடியாது. பழமும் நசுங்காது என்பர். கி.மு. 510இல் செல்வச் செருக்கில் திளைத்த சைபாரிசு நகரை அழித்த படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஒலிம்பிய மாலைகளை அணிந்து, சிங்கத்தோல் போர்த்தி, கதையுடன் களம் புகுந்தார்.

பித்தியப் போட்டிகளில் மூன்று முறை வென்ற பயில்லோஸ், கி.மு. 480இல் பாரசீகருக்கு எதிரான சலாமிஸ் கடற்போருக்குத் தம் கப்பலுடன் சென்றார். ஓட்டக்காரர் அஸ்திலோஸ் பிறந்த ஊருக்குத் துரோகம் செய்தார்: குரோட்டனுக்காக வென்றபின், அடுத்த ஒலிம்பியப் போட்டிகளில் தம்மைச் சிரகூஸ் நகரத்தார் என அறிவித்துக்கொண்டார். வெகுண்ட மக்கள் அவர் வீட்டைச் சிறைச்சாலையாக்கினர். ஹேரா லக்கினியா என்ற பெண்தெய்வத்தின் கோயிலருகே இருந்த அவர் சிலையையும் வீழ்த்தினர். அதன்பின் குரோட்டன் பெயர் ஒலிம்பியாவில் மங்கியது.

பிற்காலம்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிரகூசரிடமும், பின்னர் உரோமரிடமும் நகரம் வீழ்ந்தது. கி.மு. 203இல் உரோமரை எதிர்த்த படைத்தலைவர் ஹன்னிபால் இத்தாலியை விட்டுக் கப்பலேறியது இப்பகுதியிலிருந்துதான். கி.மு. 194இல் உரோமக் குடியேற்றமாயிற்று. இன்று சுமார் 60,000 பேர் வாழும் துறைமுக நகரம். இதன் கால்பந்துக் கழகம் 2016இல் இத்தாலியின் முதல்நிலைத் தொடரான சீரி ஆவுக்கு முன்னேறியது. ஹேரா கோயிலில் எஞ்சி நிற்பது ஒரே தூண். அத்தூணால் கோயில் அமைந்த நிலமுனை கேப்போ கொலொன்னா எனப்படுகிறது.