லோயர் வேலையை விட்டு, அதே சட்ட நிறுவனத்தில் வேறு வேலை

யுத்தத்தால் இடம்பெயர்ந்து லண்டனில் பிள்ளைகளைச் சட்டம் படிப்பித்த வீடுகளில் இந்தக் கேள்வி எழக்கூடும்: "அப்ப நீ இனி லோயர் இல்லையா?" வழக்குகளையும் ஒப்பந்தங்களையும் விட்டு, சட்ட நிறுவனத்தின் நிர்வாகப் பக்கம் மாறும் பிள்ளையிடம் கேட்கப்படுவது.

இங்கிலாந்தின் பெரிய சட்ட நிறுவனங்களில், ஆறு நிமிடத்தை ஓர் அலகாகக் கணக்கெழுதிக் கட்டணம் ஈட்டுவோர் ஒரு பக்கம். கட்டண நிர்ணயம், கட்சிக்காரர் தொடர்பு, ஆட்சேர்ப்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றைக் கவனிப்போர் மறுபக்கம். எந்த வேலை எங்கே இழுபடும், எத்தனை மணித்தியாலம் தின்னும் என்பது செய்து பார்த்தவருக்கே தெரியும். அந்த அனுபவத்துக்காகவே முன்னாள் சட்டத்தரணிகள் மறுபக்கத்தில் விரும்பப்படுகிறார்கள்.

சிக்கல் தகைமையில் இருக்கிறது. 1974 ஆம் ஆண்டின் சொலிசிற்றர்கள் சட்டப்படி, பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. தொழில் செய்ய ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழும் வேண்டும். புதிய வேலை சட்ட சேவையோடு தொடர்புடையதென்றால், கட்சிக்காரரைச் சந்திக்காவிட்டாலும் சான்றிதழ் தேவைப்படலாம். விளம்பரம், ஆட்சேர்ப்பு போன்றவற்றுக்குத் தேவைப்படாமல் போகலாம். பதவியின் பெயரைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. நியமனக் கடிதத்தில் கையொப்பமிட முன்னரே, சான்றிதழ் வேண்டுமா, அதன் கட்டணத்தை யார் செலுத்துவது என்று கேட்டுவிடுவது நல்லது.

சான்றிதழைக் கைவிட்டாலும் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கலாம். பின்னர் மீண்டும் விண்ணப்பிக்க முடியும். ஆனால் அந்த இடைக்காலத்தில், தொழில் செய்யும் சொலிசிற்றர் என்று தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று: பெரிய நிறுவனச் சொலிசிற்றர்கள் பலர் முன்னரும் நீதிமன்றப் படி ஏறியவர்கள் அல்லர்.