காணா நட்பு

ஊரையும் உற்றாரையும் பிரிந்து வாழும் நாம், புறநானூறு காட்டும் நட்பு ஒன்றை இன்று நினைவுகூர்வோம்.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, கேள்வியாலேயே நண்பராயினர். தன் மைந்தரோடு மாறுபட்ட சோழன், அரசு துறந்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். தன் அருகே ஆந்தையாருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். செல்வ நாளில் வாராதவர் துன்ப நாளில் தவறாது வருவார் என்பது அவன் உறுதி. அருகிலிருந்தோர் ஐயுற்றனர். ஆந்தையாரோ வந்தே சேர்ந்தார்.

ஆண்டு பல ஆகியும் அவருக்கு நரை இல்லாமை கண்டு சான்றோர் காரணம் வினவினர். மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், மனமறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் அரசன், அடக்கமுடைய சான்றோர் வாழும் ஊர் என அவர் விடையளித்ததை 191-ஆம் பாடலில் காண்கிறோம். பொருட்செல்வம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இத்தகைய இன்பவாழ்வை உடையவரே அதனை விட்டு வந்து, நண்பனைப் போலத் தாமும் வடக்கிருந்தார். குறை தீர்க்க ஒருவரைத் தேடுவதையே நாம் பல வேளை அன்பு என்கிறோம். ஆந்தையாருக்கோ தீரவேண்டிய குறை ஏதும் இல்லை. நண்பன் வடக்கிருந்தான், அதனால் வந்தார்.